கலர், சோடா: இரு சொற்களின் வரலாறு

தமிழ்நாட்டில் வாயு ஏற்றிய இனிப்புப் பானத்தைக் குறிக்கும் பேச்சுச் சொல் 'கலர்'. இனிப்பும் நிறமும் இல்லாதது 'சோடா'. திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் சுற்றி வருபவர் வயிறு மந்தமாக இருந்தால் சோடா கேட்பார்; உடன் வந்த பிள்ளைக்குக் கலர் வாங்கித் தருவார். இரண்டிலும் இருப்பது ஒரே வாயுதான். ஆனால் பெயர் வந்த வழிகள் வேறு.

சோடா

சோடா முதலில் ஓர் உப்பின் பெயர். ஐரோப்பாவில் உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து அதை எடுத்துக் கண்ணாடியும் சோப்பும் செய்தனர். 1807இல் ஹம்ப்ரி டேவி தாம் பிரித்தெடுத்த தனிமத்துக்குச் சோடியம் என்று பெயரிட்டதும் இச்சொல்லை ஒட்டியே.

1767இல் ஜோசப் பிரீஸ்ட்லி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பீர் ஆலையில் எழுந்த கரியமில வாயுவை நீரில் கரைத்துக் காட்டினார். 1783இல் ஷ்வெப் என்பவர் ஜெனீவாவில் அத்தகைய நீரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வயிற்றுக்கு நல்லது என்று அந்நீரில் சோடா உப்பும் சேர்க்கப்பட்டதால் 'சோடா நீர்' என்ற பெயர் வந்தது. பின்னர் உப்பு சேர்க்காதபோதும் பெயர் மாறவில்லை. உப்பு என்ற பழைய பொருளைத் தமிழில் ஆப்ப சோடா, சலவை சோடா ஆகிய சொற்களில் காணலாம்.

கோலி சோடா

1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கோலி அடைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கண்ணாடிக் கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் இறுக்கிவிடும். கோலியை அழுத்தினால் வாயு சீறி வெளியேறும். ஆங்கிலத்தில் இது காட் பாட்டில். தமிழில் பிள்ளைகள் ஆடும் கோலியின் பெயரைப் பெற்றது. தடித்த மூக்குக் கண்ணாடியைச் 'சோடாபுட்டி' என்று கேலி செய்வதும் இந்தப் பாட்டிலை வைத்துத்தான்.

கலர்

சர்க்கரைப் பாகும் சாயமும் சேர்ந்த பானத்துக்கு, கண்ணாடி வழியே தெரிந்த நிறமே பெயராயிற்று. அந்தந்த வட்டாரத் தயாரிப்புகளே கடைகளில் கிடைத்த காலத்தில், கேட்பவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "ரெண்டு கலர் குடுங்க" என்றால் போதும். விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் போன்ற சில நிறுவனங்கள் ஊர் கடந்தும் புகழ்பெற்றன. வீட்டுக்கு வந்த சம்பந்திக்குக் கலர் வாங்கிவரச் சொல்வது மரியாதையாகக் கருதப்பட்டது.

1977இல் இந்தியாவை விட்டு வெளியேறிய கோக்க கோலா 1993இல் திரும்பியது. பெருநிறுவனங்களின் விளம்பரம் பெருகப் பெருக, மக்கள் நிறுவனப் பெயரைச் சொல்லியோ 'கூல்டிரிங்ஸ்' என்றோ கேட்கலாயினர். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது உள்ளூர்ப் பானங்கள் மீண்டும் கவனம் பெற்றன. ஆயினும் கலர் என்ற சொல் பழைய வழக்குக்குத் திரும்பவில்லை.

இன்றைய வழக்கு

சோடா, கலர் என்ற பாகுபாடு எங்கும் ஒன்றுபோல் இல்லை. இனிப்பாக இருந்தும் பன்னீர் சோடா 'சோடா'தான். இலங்கைத் தமிழர் இனிப்புப் பானத்தையும் சோடா என்றே சொல்வர். 'குளிர்பானம்' என்ற எழுத்துவழக்குச் சொல் குளிர்ச்சியை மட்டுமே சுட்டுகிறது. வாயுவையோ நிறத்தையோ சுட்டுவதில்லை. பழைய சிறுகதையில் ஒருவர் விருந்தாளிக்குக் 'கலர்' வாங்கி வந்தால், அது வண்ணப்பொடி அல்ல, உபசரிப்பு என்பதை இன்றைய மாணவர் அறிந்து படிக்க வேண்டும்.