இந்திய வெளியுறவுக் கொள்கை

பிரதமர் அலுவலகமும் வெளியுறவு அமைச்சகமும் சேர்ந்து வகுப்பது. பெரிய முடிவுகளில் பிரதமரின் கையே ஓங்கும். பிரதமர் நேரு 1947 முதல் 1964இல் இறக்கும்வரை வெளியுறவுத் துறையைத் தம்மிடமே வைத்திருந்தார். 1954இல் சீனாவுடன் செய்த திபெத் வணிக உடன்பாட்டின் முகவுரையில் பஞ்சசீலம் எனும் அமைதிச் சகவாழ்வின் ஐந்து கோட்பாடுகள் ஏறின. எட்டே ஆண்டில் எல்லைப் போர். அணிசேராமை பேசிய நாடு, வங்கதேசப் போர் வாசலில் நின்ற 1971 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்துடன் 20 ஆண்டு உடன்படிக்கை செய்தது. 1991க்குப் பின் பார்வை தென்கிழக்காசியாவுக்கும் திரும்பியது.

ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. ஆனால் நிலத்தை விட்டுக்கொடுப்பதானால் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று, பாகிஸ்தானுக்கு நிலம் தருவது பற்றிய பெருபாரி விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்த 1974 உடன்பாட்டை வெறும் எல்லை வரையறை என்றே அரசு கொண்டது, திருத்தம் வரவில்லை.