யூனிக்சுவழி இயக்கமுறைகளில் தமிழெழுத்து: கொங்குநாட்டுச் சான்றுகளை முன்னிறுத்திய ஒரு வரலாற்று ஆய்வு

‘கொங்கு’ என்னும் சொல்லில் அமைந்த எழுத்துக்கள் எத்தனை எனின், தொடக்கப்பள்ளி மாணவனும் மூன்று என்பான்: கொ, ங், கு. இச்சொல்லை ஒருங்குறியில் எழுதிய ஒரு கோப்பினை யூனிக்சுவழி இயக்கமுறையின் எண்ணற்கருவியிடம் ஒப்படைப்பின், அது எழுத்து ஆறு என்று விடை தரும். பைட்டுக் கணக்குக் கேட்பின் 18 என்னும். தமிழ்99 விசைப்பலகையில் இச்சொல்லைத் தட்டச்சிடுவோர் அழுத்தும் விசைகளோ ஐந்து. மூன்றும் ஐந்தும் ஆறும் பதினெட்டும் ஆகிய இந்நான்கு விடைகளும் தத்தம் நிலையில் பிழையற்றன. அங்ஙனமாயின் எழுத்தென்று எதனைக் கொள்வது? இவ்வினாவினைத் தீர்க்காது கருவி செய்தமையால் விளைந்த இடர்ப்பாடுகளும், அவை படிப்படியாக நீங்கிய வரலாறும் இக்கட்டுரையின் பொருளாகும்.

இது பொறியியலார்க்குரிய செய்தி, தமிழ் ஆய்வாளர்க்கு இதனால் ஆவதென்னை எனக் கேட்போர் உளர். சொல்லடைவும் தொடரடைவும் இன்று கணிப்பொறி கொண்டே தொகுக்கப்பெறுகின்றன. எழுத்தினை எண்ணத் தெரியாத கருவி தொகுத்த அடைவு எத்தகையதாகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1. எழுதுபொருளும் எழுத்தும்

எழுதப்படு பொருளின் இயல்பு எழுத்தின் வடிவினை மாற்றுதல் தமிழுக்குப் புதிதன்று. மெய்யும், குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியனார் கொள்கை. ஆயினும் ஓலையில் புள்ளியிடின் ஏடு பொத்தலாகும் என அஞ்சிப் புள்ளியை விடுத்தெழுதினர். கல்வெட்டுக்களிலும் புள்ளி பெரும்பாலும் காணப்படுவதில்லை. படிப்போர் சொல்லறிவு கொண்டு மெய்யும் உயிர்மெய்யும் பகுத்துணர்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெட்டெழுத்தாகிய ஏகார ஓகாரங்களுக்கு வேற்றுவடிவம் அமைத்தமை இக்குறையை ஒருபுடை நீக்கியது. பொருளின் தடையும், அதனைச் சுற்றிவரும் வழியும், பின்னர் நிகழும் சீர்திருத்தமும் என்னும் இம்முறைவைப்பு மீண்டும் மீண்டும் நிகழக் காண்கின்றோம்.

கொங்குநாட்டில் இதற்கு இரு சான்றுகள் உள. ஈரோட்டை அடுத்த அறச்சலூர் மலையில், புலவர் செ. இராசு அவர்களால் வெளிக்கொணரப்பட்ட இசைக் கல்வெட்டில், எழுத்துக்கள் வரிசைக்கு ஐந்தாகக் கட்டம் அமைத்தாற்போல் நிரல்படப் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கட்டமைப்பில் ஓரிடத்தை நிரப்பும் அலகு உயிர்மெய்யாகிய முழுவெழுத்தேயாம். ‘தை’ என்பது தகரம் ஓரிடமும் ஐகாரக் குறி ஓரிடமுமாகப் பிரிந்து நிற்பதில்லை. எழுத்தை எண்ணும் அலகு யாது என்பதற்குக் கல்லே சான்றாக நிற்கின்றது.

மற்றொன்று அண்மைக்காலத்தது. ஈரோட்டிலிருந்து வெளிவந்த ‘குடி அரசு’ இதழில் 1935இல் பெரியார் மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம், 1978 அக்டோபரில் தமிழக அரசின் ஆணையாயிற்று. ணா, றா, னா முதலாகவும் ணை, லை, ளை, னை ஈறாகவும் அமைந்த பதின்மூன்று எழுத்துக்கள் அதனால் ஏனைய எழுத்துக்களோடு ஒத்த வடிவம் பெற்றன. அச்சுக்கோப்போர் சுமை குறைந்ததென்பதே அன்று பெரிதும் பேசப்பட்டது. ஆயின், உயிர்க்குறியினை மெய்வடிவினின்று பிரித்துத் தனியே நிறுத்திய இம்மாற்றம், குறியும் வடிவும் வேறுவேறு எனக் கொள்ளும் கணிப்பொறி முறைக்கும் இசைந்ததாயிற்று. இன்று பழைய ‘ணை’ வடிவம் வேண்டுவோர் கோப்பினை மாற்ற வேண்டுவதில்லை. எழுத்துருவை மட்டும் மாற்றினால் அமையும்.

2. கணிப்பொறியுள் தமிழ் புகுந்தவாறு

யூனிக்சு 1969இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிசு ரிச்சி ஆகியோரால் தோற்றுவிக்கப்பட்டது. எண்ணல், நிரல்படுத்தல், தேடல், திருப்பல் எனச் சிறுசிறு கருவிகள் பலவற்றை அமைத்து, ஒன்றன் வெளியீட்டை மற்றொன்றன் உள்ளீடாக்கிக் கோத்தல் அதன் நெறி. அங்ஙனம் கோத்த கட்டளைக்கோவையினையே ஸ்கிரிப்டு என்ப. அக்கருவிகளிடையே ஓடுவது வெற்றுரை. உரையின் அணு எழுத்து. எனவே எழுத்தின் இலக்கணம் பிழைப்பின் கருவிகள் அனைத்தும் ஒருங்கே பிழைக்கும். ஏனைய இயக்கமுறைகளினும் யூனிக்சில் இவ்விடர்ப்பாடு ஆழமாக வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

தொடக்கத்தில் தடை வன்பொருளினது. திரையில் எழுத்துக் காட்டும் பொறியமைப்பு உரோமன் எழுத்துக்கென்றே இயன்றது. இந்திய எழுத்துக்களுக்காகக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ என்னும் மின்னட்டை, எழுத்தமைப்பினை வன்பொருளிலேயே செய்து தந்தது. லினக்சின் வரைகலையற்ற முனையத்தில் இத்தடையைத் தெளிவாகக் காணலாம். அங்குத் திரையட்டை ஏற்கும் வடிவங்கள் 512 என்னும் எல்லையுட்பட்டவை. தமிழெழுத்து 247 ஆதலின் எண்ணிக்கையில் இடமுண்டு! எனினும், ஒவ்வொரு வடிவும் ஒரே அகலமுள்ள கட்டத்துள் அடங்க வேண்டும். ‘ணொ’ எவ்வாறு ‘ர’ நிற்கும் இடத்துள் நிற்கும்? அன்றியும், ஒரு குறிக்கு ஒரு வடிவு என்பதே அம்முனையத்தின் விதி. குறிகளைச் சேர்த்து வடிவமைக்க அஃது அறியாது. உரைமுறையில் இயங்கிய புள்ளியச்சுப் பொறிகளும் தம்முள் பதித்த வடிவங்களையே அச்சிட்டன.

1991ஆம் ஆண்டு கருதற்பாலது. அவ்வாண்டில் லினக்சு தோன்றிற்று. இந்திய எழுத்துக் குறியீட்டுத் தரம் வெளிவந்தது. ஒருங்குறியின் முதற்பதிப்பும் வெளிவந்தது. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. முன்னைய இந்தியக் குறியீட்டைப் பின்பற்றி, உயிரும், அகரமேறிய மெய்யும், உயிர்க்குறிகளும், புள்ளியுமே இடம்பெற்றன. ஏனைய உயிர்மெய்களுக்குத் தனியிடம் இல்லை. க் என்பதனோடு அகரம் சேர்ந்து க ஆதல் ஒலியிலக்கணம். ஒருங்குறியிலோ க என்பதனோடு புள்ளி சேர்ந்து க் ஆகின்றது. இதனைத் தமிழ் மரபுக்கு முரண் எனச் சாடுவோர், புள்ளி நீங்கிய வடிவே அகரமேறிய உயிர்மெய் என்று கூறும் தொல்காப்பிய வரிவடிவ விதியை மறந்தனர் போலும். ஒலிமுறையில் முரண் உண்டு, வரிமுறையில் இல்லை.

மறுவாண்டு, 1992இல், கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையை வகுத்தனர். பழைய யூனிக்சுக் கருவிகள் உடையாமலே உலக எழுத்துக்கள் அனைத்தும் அவற்றினூடே செல்ல இது வழி செய்தது. தமிழ்க்குறி ஒவ்வொன்றும் இதில் மூன்று பைட்டு. கொங்கு பதினெட்டானமை இதனாலேயே.

இவையெல்லாம் நடைமுறைக்கு வருமுன் தமிழர் வாளா இருந்திலர். உரோமன் குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் பலவாகப் பெருகின. ஓர் எழுத்துருவில் இயற்றியது மற்றொன்றில் படிக்க இயலாததாயிற்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னேடாக்கிய காலை இவ்விடரை நேர்கொண்டு, திஸ்கி என்னும் பொதுக்குறியீட்டை ஏற்றுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்னும் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் வகுத்தது. விசைப்பலகை நிலைத்தது, குறியீடுகள் நிலைத்தில.

3. பழுதின் மூலம் காணல்

லினக்சில் தமிழ் பழுதுறத் தோன்றுமிடத்து அதன் மூலத்தைக் காணும் முறை, ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர் முறையை ஒத்தது. ஏட்டின் சிதைவு, எழுதினோர் பிழை, வட்டார வழக்கு என்பவற்றைப் பகுத்துணராது கைவைக்கும் பதிப்பாசிரியர் நல்ல பாடத்தையும் கெடுப்பர். இங்கும் அவ்வாறே. எழுத்துக்குப் பதில் வெறுங்கட்டங்கள் தோன்றின் கோப்புப் பழுதற்றது. எழுத்துரு இல்லை என்க. ஐரோப்பிய எழுத்துக்கள் உருத்தெரியாது மிடைந்து தோன்றின், அது பழைய குறியீட்டில் அமைந்த கோப்பு. எகரக்கொம்பு மெய்க்குப் பின்னே நின்றால், குறிகளை வடிவாக்கும் கோவைப்பொறி தமிழறியாதது. கொம்பு புள்ளிவட்டத்தோடு தனித்து நின்றால், பொறி செவ்விது. கோப்பிலேயே குறிகள் நிலைமாறியுள்ளன.

மூன்றாம் நான்காம் வகைகளை மயங்கக் கொள்ளின் கேடு பெரிது. திரையில் கொம்பு பின்னே நிற்கக் கண்டு, அதனை முன்னே தட்டச்சிட்டுத் ‘திருத்திய’ உரை, நல்ல பொறி வந்தபின் உண்மையாகவே பிழையுடையதாகிவிடும். லினக்சில் பங்கோ, கியூட்டி முதலிய கோவைப்பொறிகள் தனித்தனியே வளர்ந்தமையால் ஒரே கோப்பு ஒரு மென்பொருளில் செவ்விதாகவும் மற்றொன்றில் சிதைந்தும் தோன்றிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் ஹார்ஃப்பஸ் என்னும் பொதுப்பொறி பரவியமையால் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒழிந்தது. அப்பெயர் பாரசீக மொழியில் ‘திறந்த எழுத்து’ என்னும் பொருளது என்பர்.

உள்ளீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. லினக்சின் எளிய விசைப்பலகை அமைப்பு ஒரு விசைக்கு ஒரு குறி தருவது. தமிழ்99 முறையோ சூழல் நோக்குவது: ககரத்தின் பின் ஒகர விசை அழுத்தின் குறியாக்கும், ஙகரத்தின் பின் ககரம் வரின் புள்ளியைத் தானே இடும். மெல்லினமும் இனவல்லினமும் மயங்கும் இலக்கணமே ஈண்டு ஒரு விசையை மிச்சப்படுத்துகின்றது. எனவே இதற்குத் தனி உள்ளீட்டுக் கருவி இன்றியமையாதது. அது நிறுவப்படாமையை விசைப்பலகையின் பழுது எனக் கருதிப் பலகையை மாற்றுதல் வீண்.

4. கோவை மாநாடு

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூர்க் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்தது. உடன் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டில் குறியீடு பற்றிய வழக்கு முடிவுக்கு வந்தது. ஒருங்குறியையும், அதற்கு இடமில்லாதவிடத்துக் கொள்ளத்தக்க டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவிக்கும் அரசாணை மாநாட்டின் முதல்நாளையே நாளாகக் கொண்டது. டேஸ்16 முறையில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனிக்குறி உண்டு, கோவைப்பொறி வேண்டா, கொங்கு மூன்றே குறி. அறச்சலூர்க் கல்லின் கணக்கு இதுவே. இலக்கணம் டேஸ்16 பக்கம் நின்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயின் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. உலகின் இயக்கமுறைகள் அதனைத் தமிழென அறியா. தமிழ்நாட்டுக்குள் மட்டும் படிக்கத்தக்க தமிழ் ஒன்றினை ஆக்குவதினும், கணக்கில் வளைந்த ஒருங்குறியை ஏற்று வளைவைக் கருவியால் நிமிர்த்தலே தக்கது. நடந்ததும் அதுவே.

சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் லினக்சு வகை, 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி மாணவர் கைக்கும் சென்றது. அது அவர்களால் எத்துணை பயன்கொள்ளப்பட்டது என்பது வேறு ஆய்வுக்குரியது.

5. எண்ணலும் நிரல்படுத்தலும்

வடிவப் பழுது கண்ணுக்குப் புலனாவது. கணக்குப் பழுது புலனாகாது. ஆய்வாளர் அஞ்சத்தக்கது இதுவே. ககரம் எத்தனை இடத்து வருகின்றது எனத் தேடற்கருவியிடம் கேட்பின், கா, கி, க் அனைத்தையும் சேர்த்தே விடையிறுக்கும். பைத்தான் மொழியின் இயல்பான தேடற்கோவையில் ‘சொல்லெழுத்து’ என்னும் வகையுள் உயிர்க்குறியும் புள்ளியும் அடங்கா. அதனால் கொங்கு என்பது க, ங, க என முச்சொல்லாகச் சிதறும். பெர்ல் மொழியில் இக்குறை இல்லை. ‘விகடகவி’ என்பதனைத் திருப்பற்கருவி கொண்டு திருப்பினால், முதற்கண் இகரக்குறி தனித்து நிற்க, வகடகிவ என ஏதோ ஒன்று வரும். சம்பந்தர் மாலைமாற்றுப் பதிகத்தை இக்கருவியிடம் கொடுப்பின், அதனை மாலைமாற்று அன்று எனத் தீர்ப்புக் கூறும்.

நிரல்படுத்தலிலும் இங்ஙனமே. இடச்சூழல் குறிக்காது நிரல்படுத்தின், ஒருங்குறியின் இட எண்ணே வரிசையாகும்: னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையிலும் நிற்கும். ‘பக்கம்’ என்பது ‘பகை’க்குப் பின் தள்ளப்படும், தமிழ்ப் பேரகராதியிலோ புள்ளியெழுத்தே முற்படும். ‘கொ’ என்பது ஒருகுறியாகவும், கொம்பும் காலும் என இருகுறியாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, தேடுங்கால் ஒன்று அகப்பட மற்றொன்று அகப்படாது. ஆதலின் எத்தொகுப்பையும் முதலில் ஒருநிலைப்படுத்தி, ஓப்பன்-தமிழ் போன்ற நூலகங்கள் கொண்டு முழுவெழுத்தாகப் பகுத்த பின்னரே எண்ணத் தொடங்குதல் வேண்டும்.

எஞ்சி நிற்பது பழங்கோப்புக்களின் நிலை. தமிழ்த்துறைகளில் 1990களிலும் அதன்பின்னும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட ஆய்வேடுகள், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிக்கூட்டமாகவே திறக்கின்றன. திஸ்கியில் அமைந்தவற்றுக்கு உய்வுண்டு: லினக்சின் அடிப்படை நூலகத்திலேயே 2002 முதல் திஸ்கி மாற்றி அமைந்துள்ளது, ஒருவரிக் கட்டளையில் ஒரு நூல் முழுதும் ஒருங்குறியாகும். ஏனையவற்றுக்கு எழுத்துருவின் பெயர் தெரிதல் வேண்டும். குறுந்தகட்டின் உறைமேல் அதனைக் குறித்து வைத்தோர் சிலரே. பெயர் தெரிந்து மாற்றிய பின்னரும் ஓரிடர் உண்டு. பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் ஒரே வடிவத்தால் எழுதப்பட்டன. அத்தகைய கோப்பில் ‘பௌவம்’ என்பதும் ‘பெளவம்’ என்பதும் ஒன்றே. இரண்டனுள் எது சொல் என்பதை மாற்றி அறியாது. அவ்விடங்களைப் பொறி குறித்துக்காட்ட, சொல்லறிந்த ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர்த்தல் வேண்டும்.