'பாபநாசம்' முடிவு: சுயம்புலிங்கம் ஒப்புக்கொண்டாரா?

ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் தோட்டத்து வீடானாலும் டவுன் வீடானாலும், தொலைக்காட்சியில் 'பாபநாசம்' ஓடி முடிந்ததும் ஒரு கேள்வி வரும்: சுயம்புலிங்கம் கடைசியில் ஒப்புக்கொண்டாரா, இல்லையா?

ஜீத்து ஜோசப் 2013இல் மலையாளத்தில் எடுத்த 'திரிஷ்யம்' படத்தை, அவரே 2015இல் கமல்ஹாசனை வைத்துத் தமிழில் தந்தார். ஐ.ஜி. கீதாவின் மகன் வருண், சுயம்புவின் மூத்த மகளை மிரட்ட வந்த இடத்தில் அடிபட்டு இறக்கிறான். தாயும் மகளும் உடலை வீட்டுக் குழியில் புதைக்கிறார்கள். பின்னர் போலீஸ் அதே குழியைத் தோண்டினால் கிடைப்பது ஒரு மிருகத்தின் சடலம். உடலைச் சுயம்பு முன்பே இடம் மாற்றிவிட்டார். எங்கே? கட்டி முடியாத காவல் நிலையத்திலிருந்து அவர் மண்வெட்டியோடு வெளியேறும் காட்சிதான் பதில். வருண் கிடப்பது அந்த நிலையத்தின் தரைக்கு அடியில். மனைவி மக்களிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. தெரியாததை அடித்தாலும் சொல்ல முடியாதல்லவா!

இதைவிடக் கனமான காட்சி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. பதவி விலகிய கீதாவும் கணவர் பிரபாகரும் கேட்பது ஒன்றுதான்: மகன் வருவானா, மாட்டானா? சுயம்பு சுற்றிவளைத்து மன்னிப்புக் கேட்கிறார். பெற்றவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஆக, ஒப்புக்கொண்டார், ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும் வாக்குமூலமாக அல்ல. உடலையும் கொடுக்கவில்லை. அதுவரை கைதட்டிய நமக்கு அங்கே கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

உடல் கிடைக்காவிட்டால் வழக்கே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1963இல் சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவுகளருகே முக்குளித்த பெண் மாயமானார். உடல் கிடைக்கவே இல்லை. காப்புறுதி, அறுக்கப்பட்ட நீச்சல் துடுப்பின் வார் போன்ற சூழ்நிலைச் சான்றுகளை வைத்தே அவருடைய காதலர் சன்னி ஆங் 1965இல் கொலைக் குற்றவாளியானார். (அப்போது சிங்கப்பூர் மலேசியாவில்தான் இருந்தது.) 1967இல் தூக்கு.

ஐ.ஜி. அம்மாவுக்குப் போலீஸ் படையே இருந்தது. நம் குடும்பங்களுக்கு இருப்பது சட்டம்தான். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவுப்படி, ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாத ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்றால், அப்படிச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதுவரை ஊழியர் சேமநிதிப் பணம், வீட்டின் பெயர் மாற்றம் எல்லாம் தொங்கலில் நிற்கும். அந்த ஏழு ஆண்டுக் கணக்குக்குக் கைகொடுக்கும் முதல் ஆவணம் போலீஸ் புகார். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது தவறான எண்ணம். அண்மைய படம், அடையாள அட்டை எண், கடைசியாக உடுத்திய உடை விவரத்தோடு அருகிலுள்ள நிலையத்தில் உடனே புகார் செய்யலாம்.