படிகாரம் (குடிநீர்த் தெளிவிப்பு)

கலங்கல் நீரைத் தெளியவைக்கக் குடிநீர் நிலையங்கள் பயன்படுத்தும் அலுமினியம் சல்பேட்டு. ஆற்றுநீரில் உள்ள நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, படியாமல் மிதக்கும். படிகாரம் அம்மின்னூட்டத்தைத் தணித்துத் துகள்களைத் திரட்டுகிறது. திரள் தொட்டியில் படிந்தபின் எஞ்சுவதை மணல் வடிகட்டி பிடித்துக்கொள்ளும்.

தமிழகத்தில் இவ்வேலையைத் தேற்றாங்கொட்டை நெடுங்காலம் செய்துவந்தது. கொட்டையால் நீர் தெளிவதைக் கலித்தொகை உவமையாக ஆள்கிறது. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை நன்றாக உரைத்து, நீரை ஊற்றி, அசைக்காமல் வைத்தால் சேறு அடியில் இறங்கிவிடும். கொட்டையிலுள்ள கூட்டுச் சர்க்கரைகளே துகள்களைப் பிணைக்கின்றன. முருங்கை விதையில் இதைச் செய்வது நேர்மின்னூட்டமுள்ள புரதம்.

மணல் வடிகட்டலை லண்டன் நகர நீருக்கு 1829-இல் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் சிம்ப்சன். மணலின் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலம் கிருமிகளையும் தடுத்தது. 1892-இல் எல்பே ஆற்றுநீரை வடிகட்டாமல் குடித்த ஹாம்பர்க்கில் காலராவுக்கு 8,000-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதே ஆற்றை வடிகட்டிக் குடித்த அண்டை ஊரான அல்டோனா பெரும்பாலும் தப்பியது. வடிகட்டலின் பயன் குறித்த ஐயம் அத்தோடு தீர்ந்தது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் மெது மணல் வடிகட்டிகள் இயங்கத் தொடங்கின. அமெரிக்கரான ஐசையா ஹயாட் 1884-இல் காப்புரிமை பெற்ற முறை, படிகாரத்தையும் விரைவு வடிகட்டியையும் இணைத்தது. மணிக்கு 0.1 முதல் 0.2 மீட்டர் வரை இறங்கிய நீர் இப்போது 5 மீட்டர் இறங்குகிறது. ஆனால் திரள் சரியாக உருவாகாவிட்டால் இவ்வேகத்தில் மணல் துகள்களைச் சரிவரப் பிடிக்காது.

படிகாரம் நீரின் காரத்தன்மையைத் தின்னும்; காரம் குறைந்த மழைக்கால நீருக்குச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பாலிஅலுமினியம் குளோரைடு அவ்வளவு தின்னாது. ஃபெர்ரிக் குளோரைடு அகன்ற பி.எச். வரம்பில் வேலை செய்யும். எதை, எவ்வளவு இடுவது என்பதை ஜாடிச் சோதனையே சொல்லும்: ஆறு ஜாடிகளில் ஒரே நீர், வெவ்வேறு அளவு மருந்து, முதலில் வேகமாகவும் பின்பு மெதுவாகவும் கலக்கல், அதன்பின் படியவிட்டுப் பார்த்தல். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு நிலையம் 1992-இல் பாலிஅலுமினியம் குளோரைடுக்கு மாறியது. மறு ஆண்டு அந்நிலையம் நீரெடுக்கும் ஏரிக்குள் ஆற்றுநீர் கலங்கி வந்தபோது அளவு சரியாக அமையாமல், கிரிப்டோஸ்போரிடியம் கிருமி மணலைத் தாண்டியது. சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றனர்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 குடிநீரில் ஏற்கும் கலங்கல் 1 என்.டி.யு.; அலுமினியம் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம்.