கப்பப் பாக்கியும் விடுதலைப் போரும்

தலைநகராம் தில்லியில், கோல் மார்க்கெட் வட்டாரத்திலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் நம்மவர் பிள்ளைகள், ஆங்கிலேயரை எதிர்த்த முதற்போர் 1857ஆம் ஆண்டில் மீரட்டில் மூண்டு தில்லிக்கு வந்தது என்று பள்ளியில் பயில்கின்றனர். செங்கோட்டையை அண்மையில் வைத்துக்கொண்டு வாழ்வோர்க்கு அவ்வாறு பயில்வது இயல்பே. ஆயினும் அதற்கு ஐம்பத்தாறு ஆண்டுகட்கு முன்னரே, நம் தென்னாட்டில், ஐரோப்பியர் ஆட்சியே வேண்டா என்று வெளிப்படையாக அறிக்கை ஒட்டிப் போர் தொடுத்தனர் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாமன்றி யார் சொல்லப் போகிறார்கள்?

அப்போர் ஒரு பாக்கிக் கணக்கில் தொடங்கியது. ஆர்க்காட்டு நவாபு கும்பினியாரிடம் பட்ட கடன் மலைபோல் வளர்ந்தது. கடனுக்கு ஈடாக வரி வாங்கும் உரிமை கைமாறியது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் அதிகாரம் முழுவதும் கும்பினியைச் சேர்ந்தது. வழிவழியாகத் தம் நாட்டைக் காத்து, காவற்பணம் பெற்று, படை வைத்திருந்த பாளையக்காரர்கள், தம்மைக் கேளாமலே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றப்பட்டனர். பேரேட்டில் ஒரு பற்று வரவு மாறியது போல அது முடிந்துவிட்டது.

1798இல் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் செலுத்த வேண்டிய பாக்கி 3,310 வராகன் என்று கலெக்டர் ஜாக்சன் கணக்குக் காட்டினார். தம்மை வந்து காணுமாறு கட்டளையிட்டு, ஊர் ஊராக அலையவிட்டு, இறுதியில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில் பேட்டியளித்தார். அங்கே கணக்கைச் சரிபார்த்தபோது நின்ற பாக்கி 1,080 வராகனே! பாக்கி குறைந்தும் மரியாதை கூடவில்லை. அமரவும் இருக்கையின்றி நிறுத்தி வைத்துச் சிறைப்பிடிக்க முயன்றபோது கைகலப்பு மூண்டது. கிளார்க் என்னும் படை அதிகாரி மாண்டார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதன்பின் நிகழ்ந்ததைப் பலர் கூறாது விடுகின்றனர். கட்டபொம்மன் உடனே போருக்கு எழவில்லை. சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவுக்கு முறையிட்டார். விசாரணைக் குழு அமைந்தது. டிசம்பரில் அதன்முன் சென்று நின்றார். குற்றமற்றவர் என முடிவாயிற்று. ஜாக்சன் பதவி இழந்தார், தானாபதி விடுதலை பெற்றார். முறையிட்டால் நீதி கிடைக்கும் என்னும் நம்பிக்கை அதுவரை உயிரோடு இருந்தது.

அமெரிக்கக் குடியேற்ற நாட்டினரின் கதையும் இத்தகையதே. 1765இல் முத்திரை வரியை வெறுத்தனர். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தனர். அது நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கும்பினியின் தேயிலை! போர் தொடங்கிய பின்னரும் 1775இல் மன்னருக்கு விண்ணப்பம் அனுப்பினர். மன்னர் அதனை ஏற்க மறுத்தார். மறு ஆண்டே விடுதலை சாற்றினர். 1781இல் அவர்களிடம் சரணடைந்த படையின் தலைவர் காரன்வாலிஸ் துரை, 1786இல் நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். அங்கே தோற்றவர் இங்கே ஆள வந்தார்.

நம் நாட்டிலோ அக்கதவு 1799இல் அடைபட்டது. மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கும்பினிக்குத் தெற்கே படை அனுப்பக் கை ஓய்ந்தது. செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுக்க, அக்டோபரில் கட்டபொம்மன் ஏனைப் பாளையக்காரர் கண்முன்னே கயத்தாற்றில் தூக்கிலேறினார். அச்சம் விளைவிக்க எண்ணிச் செய்த அச்செயல் வெகுண்டெழுவோரை ஒன்று சேர்த்தது.

சிவகங்கையின் மருது சகோதரர்கள், திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சி கோபால நாயக்கர், மலையாளத்துப் பழசி கேரள வர்மர், மைசூர்ப் பகுதியில் தூந்தாஜி வாக் ஆகியோரிடையே ஓலைகள் ஓடின. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், மராத்தி பேசுவோர் கூடிய கூட்டு அது. பல மொழியினரோடு அடுத்தடுத்து வாழும் நமக்கு அதன் அருமை நன்கு விளங்கும்.

1801 பிப்ரவரி 2ஆம் நாள் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையினின்று ஆதரவாளர்கள் மீட்டனர். இடித்துத் தள்ளப்பட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே மக்கள் எழுப்பிவிட்டதைக் கண்டு மேஜர் மெக்காலே திகைத்தார். மார்ச்சு இறுதியில் அவர் தொடுத்த தாக்குதல் தோற்றது. மே 24இல் கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்த பின்னரே கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரை மருதரிடம் அடைக்கலம் புகுந்தார்.

ஜூன் 16இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அதில் கப்பமும் இல்லை, பாக்கியும் இல்லை. நாவலந்தீவின் எல்லாச் சாதி மக்களையும் அழைத்து, நம்முள் ஒற்றுமையின்மையால் நாடு அயலார் வசமாயிற்று என இடித்துரைத்து, கும்பினிப் படையிலுள்ள நம் சிப்பாய்களையும் எழுமாறு வேண்டியது அது. வரி வழக்கு விடுதலைப் போராய் மாறிய இடம் இதுவே என்பது அடியேன் துணிபு. ஐந்தாண்டு கழித்து, 1806 ஜூலை 10இல், வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்ததையும் இங்கே நினைவு கூரலாம்.

போரில் மருதரின் காடே அரணாயிற்று. சிறுவயலைத் தாமே எரித்துவிட்டுக் காளையார்கோயில் காட்டுக்குள் புகுந்தனர். ஆகஸ்டு மாதம் முழுவதும் மரம் வெட்டிப் பாதையமைக்க முயன்ற அக்னியூ, முடியாமல் பின்வாங்கினார். படையால் ஆகாததைச் சூழ்ச்சியால் முடித்தனர். கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு ஜமீன்தாராக்கிச் சோழபுரத்தில் முடிசூட்டவே, மருதரின் கூட்டம் பிளவுற்றது. அக்டோபர் 1இல் காளையார்கோயில் வீழ்ந்தது. 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும், நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையிலேயே நவாபின் கருநாடகம் முழுதும் கும்பினியின் ஆட்சிக்குள் சென்றுவிட்டது.

எஞ்சியோரில் எழுபதுக்கு மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவருள் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன்; அறியாப் பாலகன். முன்னொரு காலத்தில் சின்ன மருதுவிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரியே அவர்களைக் கப்பலேற்றும் காவலில் இருந்தார். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றபோது, தளர்ந்த கிழவர் போன்ற ஒருவர் அவரைத் தேடி வந்தார். பெயர் கேட்ட பின்னரே அவர் துரைசாமி எனத் தெரிந்தது. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிராது.