விண்ணுக்குப் பணிந்த மண்டபம்

சீனத்துப் பேரரசன் ஒருவன் மண்டபம் கட்டினான். ‘விண்ணின் ஆணைக்குப் பணியும் மண்டபம்’ என்று பொருள்படப் பெயரும் சூட்டினான். ஆளும் உரிமையை அளித்தவர் மக்களல்லர், விண்ணே அளித்தது என்று ஊருக்கு உணர்த்தவே அந்தப் பெயர். அந்த மண்டபத்தை எரித்தது எது தெரியுமா? அதே விண்ணிலிருந்து விழுந்த இடி!

மிங் மரபின் மூன்றாம் மன்னன் யுங்லோ. அண்ணன் மகனை வீழ்த்தி 1402இல் அரியணை ஏறியவன். தலைநகரை நான்ஜிங்கிலிருந்து பெய்ஜிங்குக்கு மாற்றத் துணிந்தான். 1406இல் ஆணை பிறந்தது. தென்மேற்கு மலைக்காடுகளிலே நன்மு என்னும் பெருமரங்களை வெட்ட மக்கள் விரட்டப்பட்டனர். மலையேறுவோர் ஆயிரவர், திரும்புவோர் ஐந்நூற்றுவர் என்று அந்நாட்டார் சொல்லி வைத்தனர். அவ்வளவு கொடிய வேலை! 1420இல் அரண்மனை முடிந்தது. 1421ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் விழா, ஆரவாரம். நூறு நாட்கள் கழியவில்லை. இடி விழுந்தது, முப்பெரும் மண்டபங்களும் சாம்பலாயின.

மன்னன் நடுங்கினான். விண் சினந்தது என்று கருதினான். தன் ஆட்சியில் குறை உண்டாயின் அஞ்சாது எடுத்துரைக்குமாறு அதிகாரிகளுக்கு ஆணையிட்டான். நம்பினர் சிலர், நாவைத் திறந்தனர். தலைநகரை மாற்றியது தவறு என்றான் சியாவ் யீ என்னும் அதிகாரி. கேட்ட மன்னன் அளித்த பரிசு என்ன? கொலைத் தண்டனை! குறை கூறச் சொன்னவனும் அவனே. கூறியவனைக் கொன்றவனும் அவனே.

இருபது ஆண்டுகள் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. 1441இல் மண்டபம் மீண்டும் எழுந்தது. 1557இல் மீண்டும் எரிந்தது. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில், 123 டன் எடையுள்ள ஒற்றைக் கல்லை, பனி உறைந்த பாதையிலே 28 நாட்கள் இழுத்து வந்தனர் உழைப்பாளர். வழிநெடுகத் தண்ணீர் ஊற்றி, அதை உறைய வைத்து, அதன்மேல் சறுக்கி இழுத்தனர். மன்னன் பெயர் ஏட்டில் உண்டு. கயிறு பிடித்த கைகளின் பெயர் எங்கே?

1597இல் மறுபடியும் தீ. 1645இல் சிங் மரபினர் ‘பேரிணக்க மண்டபம்’ எனப் புதுப்பெயர் சூட்டினர். பெயர் மாறினால் நெருப்பு அஞ்சுமா? 1679இல் அதுவும் எரிந்தது. 1695இல் கட்டத் தொடங்கியபோது, தூணுக்கேற்ற பெரிய நன்மு மரங்கள் கிடைக்கவில்லை. வடகிழக்குப் பைன் மரங்களைக் கொண்டு 1697இல் முடித்தனர். 72 தூண்கள் தாங்க இன்று நிற்பது அதுவே.

1908இல் மூன்று வயதுகூட நிரம்பாத பூயி என்னும் குழந்தையை அங்கே அரியணையில் அமர்த்தினர். அழுதது குழந்தை. அதன் காலடியில் மண்டியிட்டனர் நரைத்த தலையினர்! 1912இல் அந்த மரபின் முடியாட்சி முடிந்தது. 1925இல் அரண்மனை அருங்காட்சியகமாயிற்று. உழைப்பாளரின் வழிவந்தோர் இன்று நிமிர்ந்து நடந்து, வாயிலில் நின்று அரியணையைக் காண்கின்றனர்.

இடிக்குச் சினமில்லை, அருளுமில்லை. உயர்ந்து நின்ற மரக்கட்டடம் அது. மின்னல் பாய்ந்தது, அவ்வளவே. இன்று அங்கே இடிதாங்கிக் கம்பி உண்டு. அன்று கூரைமேல் கம்பி இல்லை. அதனினும் கொடிது, கூரையின்கீழ் உண்மை பேச உரிமை இல்லை!