‘தூய இனப்’ பாம்பும் அதன் சான்றிதழும்

நாய் வணிகத்தில் வேரூன்றிய ‘தூய இனம்’ என்னும் சொல் செல்லப்பாம்பு வணிகத்திலும் புகுந்துவிட்டது. புகுந்த இடத்தில் அதன் பொருள் திரிந்துவிட்டது. சாதி நாய்க்குக் கென்னல் கிளப் பதிவேடும் தலைமுறைச் சான்றும் உண்டு. பாம்புச் சந்தையில் விலையை முடிவுசெய்வது ‘மார்ஃப்’, அதாவது நிறத்தையோ வரியையோ மாற்றும் மரபணுத் திரிபு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதியான பால் பைத்தான் இதற்குத் தக்க சான்று. (பெயரிலுள்ள ‘பால்’ நாம் அருந்துவதன்று, அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் இயல்பால் வந்த ஆங்கிலப் பெயர்.) 1992இல் அமெரிக்கரான பாப் கிளார்க் வெண்மஞ்சள் நிற ‘அல்பினோ’ பால் பைத்தானை வளர்ப்பில் பிறப்பித்தபின், திரிபுகளைத் தேடிப் பெருக்குவதே தனித்தொழிலாயிற்று. ‘ஸ்பைடர்’ என்னும் மார்ஃபில் அழகிய வரிகளும் தலைநடுக்கமும் ஒருசேரவே பிறக்கின்றன. இதனைத் தூய்மை என்பது சொல்லுக்கு இழைக்கும் அநீதி.

இந்தியாவில் சிக்கல் வேறு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் உள்நாட்டுப் பாம்புகளைக் காத்தன; அயல்நாட்டுப் பாம்புகள் அட்டவணைகளுக்கு வெளியே நின்றன. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்பைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. 2020 ஜூனில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள அயல் உயிர்களை வைத்திருப்போர் 6 மாதங்களுக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால் ஆவணம் எதுவும் கேட்கப்படாது என்றது அது. வளர்ப்பில் பிறந்த பாம்பும் பெட்டியில் ஒளித்துக் கடத்தப்பட்ட பாம்பும் அன்று ஒரே தகுதியைப் பெற்றன. ‘நம்பகமான வளர்ப்பாளர்’ காட்டும் தாள் அந்த அறிவிப்பில் தொடங்குமாயின், அதற்கு முந்தைய தலைமுறை குறித்து அது எதையும் மெய்ப்பிக்காது. கடத்தலும் ஓயவில்லை: 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்த பயணியிடம் 5 பால் பைத்தான்களும் 15 கிங் ஸ்னேக்குகளும் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டன.

அவ்வாண்டின் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, சைட்டிஸ் இனங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. 2024 பிப்ரவரி விதிகளின்படி உடைமை, கைமாற்றம், பிறப்பு, இறப்பு ஆகியவை பரிவேஷ் தளத்தில் பதியப்பட வேண்டும். ஆகவே பால் பைத்தான் வாங்குவோர் மார்ஃபின் பெயருக்கு முன் தாய்ப்பாம்பின் பதிவைக் கேட்கலாம். அமெரிக்காவின் சோளப்பாம்போ சைட்டிஸ் பட்டியலிலேயே இல்லை; அதற்கு இன்றும் விற்பவரின் வாய்ச்சொல்லே சான்று.